எதுக்காக இந்தக் கடை

எங்கள் தையல் கடைக்குப் பெயரும் கிடையாது, போர்டும் கிடையாது. புதுக்கோட்டையில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் முன்னறை, அதில் ஒரு தையல் மிஷின், நான், என் வீட்டுக்காரரின் அக்கா. இவ்வளவுதான் கடை.

மிஷின் என்னுடையது. ஆலங்குடிப் பக்கம் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்த என் அப்பா, கல்யாணச் சீரோடு அதையும் வண்டியில் ஏற்றி அனுப்பினார். கையால் சுற்றுகிற மிஷின். பித்தளைக் குடங்களுக்கும் அண்டாக்களுக்கும் நடுவில் அது கறுப்பாக உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, "பொண்ணு டெய்லர் வேலைக்குப் போகப் போவுதா?" என்று கல்யாண வீட்டில் சிரித்தார்கள். நான் பெண்கள் பள்ளிக்கூடத்தில் தையல் படித்தவள். ரவிக்கை, பாவாடை, பிள்ளைகளின் கவுன், ஆண்கள் சட்டை எல்லாம் எனக்கு வரும். அக்கம்பக்கத்துப் பெண்கள் துணியும் அளவு ரவிக்கையும் கொண்டுவந்து தருவார்கள். தைத்துக் கொடுப்பேன். அதைக் கடை என்று நான் நினைத்ததே இல்லை.

என் வீட்டுக்காரர் பஸ் கம்பெனி ஒன்றில் டிக்கெட் கிளார்க். அவருடைய அக்கா, நான் மதினி என்று கூப்பிடுகிறவர், எங்களோடுதான் இருந்தார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். கல்யாணம் ஆன அடுத்த வருஷமே மதினியின் வீட்டுக்காரர் ரங்கூனுக்குப் போய்விட்டார். அங்கே ஒரு ஜவுளிக் கடையில் வேலை. முதலில் கடிதம் வந்தது. பிறகு எப்போதாவது வந்தது. பிறகு நின்றே போனது. மாமனார் மாமியார் இல்லாத வீட்டில் தனியாக என்ன செய்வது என்று தம்பி வீட்டுக்கு வந்துவிட்டார். ஊரில் எல்லோரும் "பாவம், புருஷனுக்காகக் காத்துக்கிட்டுக் கெடக்கு" என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். மதினி அதிகம் பேச மாட்டார். தண்ணீர் எடுப்பார், சமைப்பார், சாப்பாட்டில் கடைசியாக உட்கார்ந்து கொஞ்சமாகச் சாப்பிடுவார்.

ஒருநாள் மத்தியானம் என் வீட்டுக்காரர் வழக்கத்துக்கு மாறாக ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தார். பஸ் ஸ்டாண்டில் யாரோ பத்திரிகையைப் படித்துச் சொல்லியிருக்கிறார்கள். "அக்கா, ரங்கூன்ல ஜப்பான்காரன் குண்டு போட்டுட்டானாம். ஊரே பத்தி எரியுதாம்" என்றார். மதினி முற்றத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். "அப்படியா" என்றார். மறுபடி கீரையை உருவ ஆரம்பித்தார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அழுவார், தலையில் அடித்துக்கொள்வார், தாங்கிப் பிடிக்க வேண்டும் என்று நான் ஓடிப்போய்ப் பக்கத்தில் நின்றிருந்தேன். நீட்டிய கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன். அதிர்ச்சியில் அப்படி ஆகிவிட்டார் என்று என் வீட்டுக்காரர் சொன்னார். எனக்கென்னவோ அப்படித் தோன்றவில்லை.

அந்த வாரமே மதினி என்னிடம் வந்தார். "ஏத்தா, எனக்கு மிஷின் கத்துக்குடு" என்றார்.

கற்றுக்கொடுத்தேன். முதலில் நூல் அறுந்துகொண்டே இருக்கும். ஊசி ஒடியும். ஒருமுறை விரலிலேயே ஊசி இறங்கிவிட்டது. வாயில் விரலை வைத்துக்கொண்டு, இன்னொரு கையால் துணியில் ரத்தம் படாமல் எடுத்துவிட்டார். வெயில் காலம் தொடங்குவதற்குள் நேர் தையல் சுத்தமாக வந்துவிட்டது. வெட்டுவது நான், தைப்பது மதினி, பொத்தானுக்குக் காஜா எடுப்பதும் ஹூக் வைப்பதும் இரண்டு பேரும் என்று ஆயிற்று. துணி அதிகமாக வர ஆரம்பித்தது.

என் வீட்டுக்காரருக்கு ஒரே சந்தோஷம். அவர் கற்பனைக்குக் குறைச்சல் இல்லாத மனுஷர். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே, "பாருங்க, இது நல்லா நடந்துச்சுன்னா கீழ ராஜ வீதியிலயே ஒரு கடை பிடிச்சிரலாம். கண்ணாடி அலமாரி, பெரிய போர்டு. கீரமங்கலத்துல ஒண்ணு, அறந்தாங்கியில ஒண்ணு. தஞ்சாவூர்க்காரன் இங்க வந்து தச்சுக்கிட்டுப் போகணும்" என்றார்.

மதினி ரசம் ஊற்றிக்கொண்டிருந்தார். "நல்லா நடந்துச்சுன்னான்னா என்ன தம்பி?" என்று கேட்டார்.

"என்னன்னா? நல்லா நடக்கறதுதான்."

"நடக்குதா இல்லையான்னு எதை வச்சு நாம தெரிஞ்சுக்கறது? இன்னிக்கு நெறையத் துணி வந்தா நல்லா நடக்குது, நாளைக்கு வரலைன்னா நடக்கலையா?"

அவர் சிரித்தார். "நீயே சொல்லேன்" என்றார்.

"சொல்ற நாள்ல துணியைக் குடுத்துறணும். ஒரு நாள்கூடத் தள்ளக் கூடாது. அது ஒண்ணு. கையால சுத்துற மிஷின்ல ஒரு கை அதுக்கே போயிருது. காலால மிதிக்கிற மிஷின் இன்னொண்ணு வரணும். அப்புறம்…" என்று நிறுத்தினார். ரசக் கரண்டி பாத்திரத்துக்கு மேலேயே நின்றது. "என் சோத்துக்கு நான் ஒருத்தர் கையைப் பார்க்கக் கூடாது. இந்தக் கடை அதுக்குத்தான்."

தம்பி வீட்டில் உட்கார்ந்துகொண்டு, தம்பி சாப்பிடும்போது, ஒரு பெண் இப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. என் வீட்டுக்காரர் பிசைந்த சோற்றை வாயில் வைக்காமல் அப்படியே இருந்தார். "நான் என்னிக்காச்சும் ஒனக்குச் சோறு இல்லைன்னு சொன்னேனா அக்கா?" என்றார். மதினி "ஒன்னைச் சொல்லலை தம்பி" என்றார். அவர் நம்பவில்லை. நானும் நம்பவில்லை. என் வீட்டுக்காரர் பாதிச் சோற்றோடு எழுந்து கை கழுவிவிட்டார்.

அதற்குப் பிறகு கடையில் மதினி சொன்னதுதான் சட்டம் மாதிரி ஆனது. துணி கொண்டுவருகிறவர்களிடம் நாளைச் சொல்வதற்கு முன் மதினி கொஞ்ச நேரம் யோசிப்பார். "சீக்கிரம் வேணுங்க" என்று கெஞ்சினாலும், "முடியாதுங்க, வெள்ளிக்கிழமைதான் முடியும்" என்பார். ஆனால் வெள்ளிக்கிழமை வந்தால் துணி மடித்து இஸ்திரி போட்டுத் தயாராக இருக்கும். ஊரில் டெய்லரிடம் துணி கொடுத்துவிட்டு நாயாக அலைந்தவர்களுக்கு இதுவே ஆச்சரியமாக இருந்தது. பெண்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அதனால்தான் எங்களிடம் வர ஆரம்பித்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் வக்கீல் வீட்டம்மா வந்தார். பெரிய வீடு. வாசலில் குதிரை வண்டி வந்து நின்றதுமே தெரு முழுக்க எட்டிப் பார்த்தது. வீட்டில் கல்யாணமாம். பட்டு ரவிக்கைகள், பிள்ளைகளுக்குப் பாவாடை சட்டை என்று ஒரு மூட்டைத் துணியை வேலைக்காரி தூக்கிக்கொண்டு வந்தாள். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. மதினி மூட்டையைப் பிரித்துக்கூடப் பார்க்காமல், "கல்யாணம் என்னிக்குங்க?" என்று கேட்டார். அந்தம்மா சொன்னார். அடுத்த வாரம்.

"மன்னிச்சுக்கங்க. இந்த வாரம் முழுக்கப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க துணி இருக்கு. தர்றேன்னு சொல்லியாச்சு" என்றார் மதினி.

நான் பின்னால் இருந்து அவர் முந்தானையைப் பிடித்து இழுத்தேன். திரும்பவே இல்லை.

"பிள்ளைங்க துணிதானே, ஒரு வாரம் தள்ளிக் குடுத்தா என்ன?" என்று அந்தம்மா கேட்டார்.

"தள்ளறது இல்லைங்க."

அந்தம்மா என்னைப் பார்த்தார், மிஷினைப் பார்த்தார், அந்தச் சின்ன அறையைச் சுற்றிப் பார்த்தார். "நாங்க வந்து கேட்டு முடியாதுன்னு சொன்ன கடையை இன்னிக்குத்தான் பார்க்கறேன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. நிஜமாகவே திகைத்துப் போய்ச் சொன்னார். மூட்டை வந்த வழியே வண்டிக்குப் போனது. வண்டி தெருமுனை திரும்புகிற வரைக்கும் பொறுத்திருந்தேன்.

"இதுக்குப் பேரு வீம்பு மதினி. அவங்க தெருவுல ஒருத்தரும் இனி நம்ம பக்கம் திரும்ப மாட்டாங்க" என்று கத்தினேன்.

"வீம்பு இல்லைத்தா. சொன்ன நாள்ல குடுக்கறதுன்னு முடிவு பண்ணினோமா, இல்லையா?"

"முடிவு பண்ணினது நீங்க. நான் தலையாட்டிக்கிட்டு நின்னேன்."

மதினிக்கு அது சுருக்கென்று தைத்துவிட்டது. துணியைக் கீழே வைத்தார். என்னை உட்காரச் சொன்னார். "நீ சொல்றது சரிதான். மிஷின் ஒன்னோடது, தொழிலும் ஒன்னோடது. நான் பாட்டுக்கு எனக்கு வேணுங்கறதைச் சொல்லிட்டேன். இப்ப நீ சொல்லு. ஒனக்கு எதுக்காக இந்தக் கடை?"

நான் வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. யோசித்துப் பார்த்தேன், அப்போதும் வரவில்லை. துணி வருகிறது, தைக்கிறேன், கொடுக்கிறேன், நாலு பேர் நல்லாத் தச்சிருக்கேன்னு சொல்கிறார்கள். அதற்கு மேல் எனக்கு என்ன வேண்டும் என்று என்னை யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டுக்கொண்டதில்லை. அப்படி ஒரு கேள்விக்குப் பதில் இல்லாமல் உட்கார்ந்திருந்ததுதான் வக்கீல் வீட்டு மூட்டை போனதைவிட எனக்குப் பெரிய அதிர்ச்சியாக இருந்தது. "தெரியலை மதினி" என்றேன். "தெரியும்போது சொல்லு" என்று அவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

நான் சொன்னபடியே நடந்தது. அந்தத் தெருவிலிருந்து ஒரு துணி வரவில்லை. வக்கீல் வீட்டுக் கல்யாணத்துக்கு வேறு டெய்லர் தைத்தார். சில வாரம் மிஷின் மூடியபடியே கிடந்தது. மதினி கவலைப்பட்டாரா என்று கேட்டால், பட்டார். எனக்குத் தெரியும். சாப்பாடு இன்னும் குறைந்துபோனது. ஆனால் செய்தது தப்பு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

யுத்தம் முற்றிக்கொண்டே போனது. பெட்ரோல் கிடைக்காமல் பஸ்களெல்லாம் கரியில் ஓடின. பின்னால் ஒரு உருளையைக் கட்டித் தொங்கவிட்டு, கரியைப் போட்டு, கையால் சுற்றிச் சுற்றி நெருப்பை ஊதிக் கிளப்புவார்கள். என் வீட்டுக்காரர் சட்டை முழுக்கக் கரியோடு வருவார். பிறகு துணிக்கும் பஞ்சம் வந்தது. கடைகளில் துணி இல்லை. இருந்தாலும் வரிசையில் நின்று அளந்து கொடுப்பதை வாங்க வேண்டும். புதுத் துணியே இல்லாத ஊரில் தையல் கடைக்கு என்ன வேலை? மூடிவிடலாம் என்று நானே சொன்னேன்.

மதினி மிஷின் முன்னால் உட்கார்ந்து ஒரு பகல் பூராவும் யோசித்தார். என் வீட்டுக்காரரின் பழைய சட்டை ஒன்றை எடுத்து வந்தார். காலர் நைந்து நூல் நூலாகத் தொங்கியது. "இதைப் பிரிச்சு, காலரை மறுபக்கம் திருப்பித் தச்சா என்ன?" என்றார். பிரித்தேன். திருப்பித் தைத்தோம். சட்டை புதுசு மாதிரி ஆகிவிட்டது. இந்த யோசனையை வேறு ஊர்களில் வேறு டெய்லர்களும் கண்டிருக்கலாம். எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"இனிமே புதுசு தைக்கறது கெடையாது. பழசைத்தான் தைக்கறது. இந்த ஊர்ல ஆபீசுக்குப் போற ஒருத்தரும் கிழிஞ்ச காலரோட போகக் கூடாது. அதுதான் இப்பக் கடைக்கு வேலை. சரியா?" என்றார். இந்தத் தடவை "சரியா?" என்று கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "சரி மதினி. பழைய வேட்டியில பிள்ளைங்களுக்குச் சட்டையும் தைப்போம்" என்று நானும் ஒன்றைச் சேர்த்தேன். அவர் முகம் மலர்ந்தது.

தாலுகாக் கச்சேரி குமாஸ்தாக்கள், வாத்தியார்கள், பஸ் கம்பெனி ஆட்கள் எல்லாரும் வந்தார்கள். வக்கீல் வீட்டிலிருந்தும் ஒருநாள் சட்டைகள் வந்தன. வேலைக்காரி கொண்டுவந்தாள். மதினி நாளைச் சொல்லி வாங்கிவைத்தார். பழைய கதையைப் பற்றி ஒன்றும் பேசவில்லை.

இப்படி நடந்துகொண்டிருந்தபோதுதான் ஒருநாள் காலையில் வாசலில் ஒரு ஆள் நின்றார். தாடி. கண் உள்ளே போயிருந்தது. காலில் செருப்பில்லை, பாதம் வெடித்திருந்தது, ஒரு விரலே இல்லை. பிச்சைக்காரர் என்று நினைத்து, "இருங்க, பழையது இருக்கு, கொண்டாறேன்" என்றேன். அந்த ஆள் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் மிஷினில் உட்கார்ந்திருந்த மதினியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மிஷின் சத்தம் நின்றது.

"உள்ள வாங்க" என்றார் மதினி.

அந்தக் குரலில்தான் எனக்கு யார் என்று விளங்கியது. உள்ளே போக எடுத்த காலோடு அப்படியே நின்றுவிட்டேன். செத்துப்போய்விட்டார் என்றுதான் நாங்கள் எல்லோரும் முடிவு செய்திருந்தோம்.

மதினி தண்ணீர் வார்த்துக் கொடுத்தார். சோறு போட்டார். அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்திருந்தார். சாப்பிட்டபின் அந்த மனுஷர் தானாகவே சொல்ல ஆரம்பித்தார். ரங்கூனிலிருந்து கூட்டம் கூட்டமாக நடந்தது, காட்டில் மழை, குடிக்கத் தண்ணீர் இல்லாதது, வழியெல்லாம் மனுஷர்கள் விழுந்து கிடந்தது. கல்கத்தா வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தது. உடம்பு தேறிய பின் கிடைத்த வேலையெல்லாம் பார்த்தது. எல்லாவற்றையும் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். பிறகு, குரல் மாறாமல், "அங்க எனக்கு ஒரு குடும்பம் இருந்துச்சு. அந்தப் பொண்ணு நாங்க மலை ஏறும்போதே போயிட்டா. பிள்ளையை நான் தூக்கிக்கிட்டு வந்தேன். அதுவும் போயிருச்சு" என்றார். அப்புறம் முகத்தை மூடிக்கொண்டு உடம்பு குலுங்க அழுதார்.

எதற்கு அதிர்ச்சி அடைவது என்றே தெரியவில்லை. அவர் உயிரோடு வந்ததற்கா, அங்கே குடும்பம் வைத்திருந்ததற்கா, அதைப் பெண்டாட்டி முன்னாலேயே சொல்லி அழுவதற்கா, செத்துப்போன அந்தக் குழந்தைக்கா? மதினியைப் பார்த்தேன். அவர் முகத்தில் ஆச்சரியமே இல்லை.

"பொம்பளைப் பிள்ளையா?" என்று கேட்டார்.

அவர் தலையாட்டினார்.

அப்போதுதான் மதினிக்குக் கண்ணீர் வந்தது. ரங்கூனில் குண்டு விழுந்த செய்திக்குக் கீரை உருவிக்கொண்டிருந்தவர், பார்த்தே இருக்காத ஒரு குழந்தைக்காக, சேலையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்துபோய் மிஷினில் உட்கார்ந்தார். ஒரு வாத்தியாருடைய சட்டையை அன்றைக்குக் கொடுப்பதாகச் சொல்லியிருந்தோம்.

பிறகு என்னிடம் மெதுவாகச் சொன்னார். கடிதம் நின்ற வருஷமே ரங்கூனிலிருந்து வந்த ஒருத்தர் மூலம் அவருக்கு விஷயம் தெரிந்துவிட்டதாம். யாரிடமும் சொல்லவில்லையாம். "சொன்னா தம்பி சண்டைக்குப் போவான். ஊரு என்னைப் பார்த்து உச்சுக் கொட்டும். ரெண்டும் எனக்கு வேண்டாம்னு இருந்துட்டேன். அன்னிக்கு நான் சோத்தைப் பத்திச் சொன்னது இவரை மனசுல வச்சுத்தான்த்தா. திரும்பி வந்தாலும் நான் போகாம இருக்கணும்ல. அதுக்கு ஒரு கடை வேண்டியிருந்துச்சு."

நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை காலம் காத்துக்கிடக்கிறார் என்று நாங்கள் இரங்கிய பெண், ஒரே அறையில் என் பக்கத்திலேயே உட்கார்ந்து, காத்திருக்க அவசியமில்லாத ஒரு வாழ்க்கையைத் தைத்துக்கொண்டிருந்திருக்கிறார். எனக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை.

என் வீட்டுக்காரருக்கோ தலைகால் புரியவில்லை. அங்கே குடும்பம் இருந்த விஷயத்துக்கு ஒரு நாள் முழுக்கக் கோபமாக இருந்தார். மறுநாள் அந்தக் கோபம் போய்விட்டது. "எப்படியோ உசுரோட வந்தாரே" என்றார். அதற்கடுத்த நாள், "மச்சானுக்கு ஜவுளி அத்துப்படி. அவர் முன்னாடி உட்காரட்டும். யுத்தம் முடிஞ்சதும் துணி வாங்கி வித்துக்கிட்டே தைக்கவும் செய்யலாம். நான் சொன்னேன்ல, பெரிய கடை!" என்று ஆரம்பித்துவிட்டார். ஊரிலிருந்து பெரியப்பாவை வரவழைத்தார். அவர்தான் அந்தக் குடும்பத்தில் பெரியவர்.

முன்னறையில் எல்லோரும் உட்கார்ந்தோம். பெரியப்பா, "புருஷன் வந்துட்டான். நடந்தது நடந்துபோச்சு. இனி கடை அவன் பேர்ல இருக்கட்டும். பொம்பளைங்க உள்ள இருந்து தச்சுக் குடுங்க" என்றார். அவர் பிரச்சினையைத் தீர்த்துவிட்ட திருப்தியோடு வெற்றிலையை எடுத்தார்.

மதினி எழுந்து நின்றார். "பெரியப்பா, இவருக்கு இந்தக் கடை எதுக்கு வேணும்னு கேளுங்க. தம்பிக்கு எதுக்கு வேணும்னு கேளுங்க. எனக்கு எதுக்குன்னு நான் என்னிக்கோ சொல்லிட்டேன். இவரோட நான் குடும்பம் நடத்த மாட்டேன். சோறு கேட்டா போடறேன். கடையைக் கேட்டா இல்லை."

பெரியப்பாவின் கையில் வெற்றிலை அப்படியே நின்றது. என் வீட்டுக்காரர், "அக்கா! என்ன பேச்சு பேசற நீ" என்று எழுந்துவிட்டார். மதினியின் வீட்டுக்காரர், நான் ரங்கூன் அண்ணன் என்று சொல்கிறவர், அவர் மட்டும் தலையைக் குனிந்தபடி அசையாமல் இருந்தார்.

"கடை, கடைங்கறியே, மிஷின் யாரோடது?" என்று பெரியப்பா கேட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "நீ சொல்லும்மா. ஒன் புருஷன் சொல்றபடி செய்யலாம்ல?"

தலையாட்டினால் போதும். அதைத்தான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். தலையாட்டித்தான் எனக்கும் பழக்கம். "மிஷின் எங்க அப்பா எனக்குக் குடுத்தது. மதினி எங்க இருக்காங்களோ அங்கதான் அது இருக்கும். நாங்க ரெண்டு பேரும் பேசி நாங்களே நடத்தற கடை எனக்கு வேணும். அதுக்குத்தான் இந்தக் கடை" என்றேன்.

சொல்லி முடித்தபின்தான் அது என் குரல் என்று எனக்கு உறைத்தது. என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணில் நிற்கிறது. அடிப்பாரோ என்றுகூட நினைத்தேன். அவர் அடிக்கவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். பெரியப்பா, "இங்கிட்டு எனக்கு இனி வேலை இல்லை" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

யாரும் எதிர்பார்க்காத விதமாக ரங்கூன் அண்ணன்தான் பேசினார். "நீ சொல்றது சரி" என்றார் மதினியிடம். "நான் கடை கேட்டு வரலை. எங்க போறதுன்னு தெரியாம வந்தேன்." இரண்டு நாளில் அவர் கோட்டைப்பட்டினத்துக்குப் போய்விட்டார். ரங்கூனில் பழக்கமான ஒரு சாயபு அங்கே ஜவுளிக் கடை வைத்திருந்தார். அவரிடம் வேலை கிடைத்தது.

என் வீட்டுக்காரர் வெகுநாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. வீட்டுக்குள் கடை இருக்கக் கூடாது என்று மட்டும் சொன்னார். நாங்கள் பெண்கள் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறையை வாடகைக்குப் பிடித்தோம். பின்பக்கம் ஒரு அடுப்படி இருந்தது. மதினி அங்கேயே தங்கிக்கொண்டார். நான் காலையில் சமைத்துவைத்துவிட்டுப் போவேன், சாயங்காலம் திரும்புவேன். இரண்டு பொம்பளைகள் கடை வைத்திருக்கிறார்களாம் என்று பார்க்கவே சிலர் வந்தார்கள். பார்க்க வந்தவர்கள் சட்டையைக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

யுத்தம் முடிந்த பிறகு ஒருநாள் ரங்கூன் அண்ணன் கடைக்கு வந்தார். தாடி இல்லை, உடம்பு தேறியிருந்தது. கையில் ஒரு துண்டு துணி. பூப்போட்ட சீட்டித் துணி. "ஒரு கவுன் தச்சுக் குடுக்கணும்" என்றார். அளவு என்ன என்று நான் கேட்டேன். அவர் குனிந்து தரையிலிருந்து ஒரு உயரத்தில் கையை வைத்துக் காட்டினார். எந்தப் பிள்ளைக்கு என்று கேட்க வாய் வரவில்லை. "தச்சு யாராச்சும் ஒரு பிள்ளைக்குக் குடுப்பேன்" என்று அவராகவே சொன்னார். மதினி எழுந்து வந்து, அவர் கை இருந்த உயரத்துக்கு டேப்பைப் பிடித்து அளந்தார். "புதன்கிழமை வாங்க" என்றார். புதன்கிழமை கவுன் தயாராக இருந்தது. கழுத்தில் ஒரு சின்னச் சுருக்கு வைத்து, நீ தைக்கிறாயா என்றுகூட என்னைக் கேட்காமல், மதினியே முழுக்கத் தைத்திருந்தார். அதற்குக் கூலி வாங்கவில்லை.

அடுத்த வருஷம் காலால் மிதிக்கிற மிஷின் வந்தது. திருச்சியிலிருந்து பஸ் மேல் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கியது என் வீட்டுக்காரர்தான். கயிற்றை அவிழ்த்து, சாக்கை எடுத்து, துடைத்து வைத்துவிட்டு வேர்வையோடு நின்றார். அந்தக் கடைக்குள் அவர் கால் வைத்தது அன்றுதான். சுற்றுமுற்றும் பார்த்தார். "இதுக்கு மேல என்ன?" என்றார். கிண்டலாகவா நிஜமாகவா என்று தெரியவில்லை.

"போதும்" என்றார் மதினி.

"மூணாவது மிஷின். ஒரு போர்டு. தைக்கக் கத்துக்க வர்ற பிள்ளைங்களைச் சேர்த்துக்கணும்" என்றேன் நான், அதே மூச்சில்.

மதினி என் பக்கம் திரும்பினார். அவர் அதிர்ச்சி அடைந்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். "எப்பத்தா இதெல்லாம் யோசிச்சே?" என்றார். என் வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரிக்க ஆரம்பித்துவிட்டார். போர்டு எதற்கு, யார் பெயரில், பிள்ளைகளைச் சேர்த்தால் சொன்ன நாளில் துணி கொடுக்க முடியுமா என்று மதினியும் நானும் அன்று சாயங்காலம் வரை சண்டை போட்டோம். மறுநாள் காலையிலும் சண்டை தொடர்ந்தது.